அழகும் உன்னதமும்: நெல்லைச் சீமையிலிருந்து ஓர் அறிமுகம்

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் தென்காசிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, அருவில தண்ணி எப்படி?" என்பதுதான். பதில் இரண்டு விதமாக வரும். குற்றாலத்து ஐந்தருவியில் கிளை கிளையாகப் பிரிந்து அளவாக விழுகிற நாளில் "அழகா விழுது" என்பார்கள். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டிச் செந்தண்ணீர் கொட்டுகிற நாளில் அந்தச் சொல் வாயில் வராது. "யாத்தே, பார்க்கவே பயமா இருக்கு" என்பார்கள். ஆனால் அப்படிச் சொன்னவர் அங்கிருந்து கிளம்பவும் மாட்டார். குளிக்கத் தடை போட்டிருக்கும், துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் கையிலேயே இருக்கும், மனிதர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தத்துவவாதிகள் இந்த இரண்டு பதில்களையும் பிரித்துவைத்து, ஒன்றுக்கு அழகு என்றும் மற்றொன்றுக்கு உன்னதம் என்றும் பெயர் கொடுத்து, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். அழகானது நம்மைத் தளர்த்தி அருகே இழுக்கும். உன்னதமானது நம் அளவை மீறி எழுந்து ஒரு நொடி மூச்சை அடைக்கும். அடைத்த கையோடு ஒரு மகிழ்ச்சியையும் தரும். பயப்பட வேண்டிய ஒன்று எதற்காக மகிழ்ச்சி தரவேண்டும்? புதிர் இவ்வளவுதான். இதை அவிழ்க்க வந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: அயர்லாந்துக்காரரான எட்மண்ட் பர்க், ஜெர்மானியரான இமானுவேல் கான்ட்.

முதலில் அழகு. அளவொத்து இருப்பதே அழகு என்பது பழைய எண்ணம். நம் சிற்பிகளுக்கும் தாளம் என்ற உறுப்பளவுக் கணக்கு உண்டு. உன்னதம், அழகு பற்றிய எண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்ந்து 1757இல் வெளியிட்ட தன் நூலில் (A Philosophical Enquiry) பர்க் இதை ஒரே போடாகப் போட்டார். அன்னத்துக்கு உடம்பைவிடக் கழுத்து நீளம், வால் குட்டை. மயிலுக்கோ கழுத்து சிறிது, வால் மட்டும் மிச்ச உடம்பு முழுவதையும்விட நீளம். இரண்டுமே அழகுதான் என்றால், எந்த அளவை வைத்து அளக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். பயன்படுவதே அழகு என்று சொன்னவர்களுக்கும் பதில் வைத்திருந்தார்: மண்ணைக் கிளறுவதற்குப் பன்றியின் மூக்கு கனகச்சிதமான கருவி, அதை அழகென்று யாராவது சொன்னதுண்டா?

அப்படியானால் எதுதான் அழகு? சிறியது, வழவழப்பானது, முனை தெரியாமல் மெல்ல வளைவது, நொய்ம்மையானது, கண்ணை உறுத்தாத நிறமுடையது என்று பர்க் ஒரு பட்டியல் போட்டார். பத்தமடைப் பட்டுப் பாயைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு இந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை. ஆற்றோரத்துக் கோரையை ஊறவைத்து, கீறி, நூல்போல மெலிதாக்கி நெய்த பாய் அது. உள்ளங்கையைப் பாயின் மேல் ஓட்டினால் எங்கேயும் தட்டாது. நாலாக, எட்டாக மடித்தாலும் முறியாது. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஊடை ஊடையாக வரி தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள் தளர்ந்து இறங்குவதை உணரலாம். பர்க் சொன்னதும் அதுதான்: அழகு நரம்பைத் தளர்த்தும், உன்னதம் நரம்பை முறுக்கும்.

சிறுமையும் மென்மையும் பலவீனமும்தான் அழகு என்று சொல்லிவிட்டு, உதாரணத்துக்குப் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தியதில் பர்க் வசமாக மாட்டிக்கொண்டார். 1790இல் ஆங்கிலப் பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் அதற்காக அவரை வெளுத்து வாங்கினார். வாங்கியது நியாயம்தான்.

அதே 1790இல் கான்ட்டின் நூலும் (Critique of Judgment) வந்தது. பர்க், பொருளில் என்ன இருந்தால் அது அழகாகும் என்று தேடினார். கான்ட் பார்த்தது வேறு: "இது அழகு" என்று சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? வெறும் ருசிக்கு அவர் காட்டிய உதாரணம் கானரித் தீவு ஒயின். நமக்கு அல்வா இருக்கிறது. "எனக்கு இந்தக் கடை அல்வாதான் பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னால், "எனக்கு அந்தக் கடை" என்று இன்னொருவர் சொல்லிவிட்டுப் போவார். அதில் சண்டைக்கு வேலையில்லை (டவுனில் சண்டையும் நடக்கும் என்பது வேறு விஷயம்). ஆனால் கிருஷ்ணாபுரத்தில், அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிற குறவன் சிலைமுன் நின்று "இது அழகு" என்று சொல்லும்போது "எனக்கு" என்ற சொல்லை நாம் சேர்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் உதட்டைப் பிதுக்கினால் நமக்குச் சுருக்கென்கிறது. அவரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்க்கிறோம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது; அழகுக்குச் சூத்திரம் கிடையாது. ஆனாலும் எல்லோர் சார்பிலும் பேசுகிறோம். ருசிக்கு இல்லாத இந்த உரிமையை அழகு மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று கான்ட் கண்டார்.

அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? அழகைப் பார்க்கும்போது அதை அடையவேண்டும், தின்னவேண்டும், விற்கவேண்டும் என்ற எண்ணம் எதுவும் குறுக்கே வருவதில்லை, அதனால்தான் என்கிறார். ஆசை கலக்காத மகிழ்ச்சி அது. பாரிசுக்கு வந்த வட அமெரிக்க இரோக்வாய்ப் பழங்குடித் தலைவர் ஒருவருக்கு அங்கிருந்த சாப்பாட்டுக் கடைகளைவிட எதுவும் பிடிக்கவில்லையாம். கான்ட் இதை எடுத்துச் சொல்லி, ஒரு மாளிகை அழகா என்று கேட்டால் இதெல்லாம் பதில் ஆகாது என்கிறார். நெல்லையப்பர் கோயில் எப்படி இருந்தது என்று கேட்டால் எதிரே கீழ ரதவீதி அல்வாவைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தத் தலைவரின் கட்சி.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. அம்பாசமுத்திரத்துப் பக்கம் கதிர் வாங்கிய வயலை, ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பவர் ஆசையின்றி ரசிக்கலாம். வரப்பில் நிற்கிற சம்சாரிக்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்ற கணக்கில்லாமல் அந்தப் பச்சை தெரியவே தெரியாது. அதனால் அவர் பார்ப்பது அழகில்லை என்று ஆகிவிடுமா? ஒரு பொருள் எதற்காக இருக்கிறது என்று அறிந்து ரசிப்பதற்கும் கான்ட் ஒரு தனி அறை ஒதுக்கியிருக்கிறார்; கட்டடம், குதிரை எல்லாம் அந்த அறையில். எதற்காகவும் இல்லாமல் வெறுமனே அழகாக இருக்கும் பூ, பறவை, சித்திரக்கொடிகளுக்கு முதல் அறை. வாசலில் போடுகிற சிக்குக் கோலத்தைத் தயங்காமல் முதல் அறையில் வைக்கலாம். வயலை இரண்டாவது அறைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. அது இருக்கட்டும்.

இனி உன்னதம். இதன் கதை இயற்கையில் தொடங்கவில்லை, பேச்சில் தொடங்கியது. லாங்கினஸ் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு பழைய கிரேக்க நூல், உயர்ந்த பேச்சு கேட்பவரை இணங்கவைப்பதோடு நிற்காது, அவரை அவரிடமிருந்தே தூக்கிக்கொண்டு போய்விடும் என்றது. 1674இல் பிரெஞ்சுக் கவிஞர் புவாலோ அதைப் பிரெஞ்சில் பெயர்த்த பிறகு ஐரோப்பா முழுவதும் படித்தது. அடுத்த நூறாண்டுக்குள் மேடையிலிருந்த உன்னதம் மலைக்கும் கடலுக்கும் புயலுக்கும் இடம் மாறியது.

பர்க்குக்கு அந்த அனுபவம் வீட்டுக்குள்ளேயே வந்தது. 1746இல் டப்ளினில் லிஃபி ஆறு பெருகி அவர் இருந்த வீட்டுக்குள் புகுந்தது. அப்போது அவர் கல்லூரி மாணவர். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார்: இயற்கையை இத்தனை பெரிய, இத்தனை பயங்கரமான கோலத்தில் பார்ப்பது மகிழ்ச்சியாக இருக்கிறது, மனத்தைப் பெரிய எண்ணங்களால் நிரப்புகிறது என்று. பதினொரு ஆண்டு கழித்து வந்த நூலின் விதை இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

தாமிரபரணிக்காரர்களுக்கு இது புரியாத மனநிலை இல்லை. வெள்ளம் என்றால் 1843இல் கட்டி முடித்த சுலோச்சன முதலியார் பாலத்தில் கூட்டம் கூடிவிடும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, "கோயில் மூழ்கிட்டா? மண்டபம் தெரியுதா?" என்பதுதான் ஊருக்கு அளவுகோல். கூரையைத் தொட்டு ஓடும் தண்ணீரையும், அதில் சுழன்று வருகிற மரங்களையும் பார்த்தபடி நிற்பவர்கள் முகத்தில் இருப்பது துக்கமும் இல்லை, சந்தோஷம் என்றும் சொல்லிவிட முடியாது.

பர்க் அந்த முகத்துக்கு விளக்கம் சொல்கிறார். உயிரைக் காத்துக்கொள்ளும் உணர்ச்சிதான் மனிதனிடம் உள்ளவற்றில் மிக வலுவானது. ஆபத்து அதைத் தட்டி எழுப்பும். ஆபத்து மிக அருகில் வந்துவிட்டால் அது வெறும் பயங்கரம். அதில் சுகம் ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி இருந்தாலோ, எழுந்த வேகம் அப்படியே இருக்கும், அடி மட்டும் நம் மேல் விழாது. அப்போது உண்டாகிற ஒருவித நடுக்கம் கலந்த இன்பமே உன்னதம். ஆக எல்லாமே நிற்கிற இடத்தைப் பொறுத்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தபோது, மொட்டைமாடியில் குழந்தையோடு நின்றவருக்கு அது உன்னதமாகத் தோன்றியிருக்காது. அதே தண்ணீரை வேறு ஊரில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தவருக்குத் தோன்றியிருக்கலாம். இந்தக் கொள்கையின் கூர்மையும் அதன் கூச்சப்பட வேண்டிய இடமும் ஒன்றுதான்.

எவையெல்லாம் இந்த நடுக்கத்தைத் தரும் என்றும் பர்க் சொல்கிறார்: அதிகாரம், பரப்பு, முடிவின்மை, தனிமை, மௌனம், முக்கியமாக இருட்டும் தெளிவின்மையும். முழுவதும் தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். பழைய கோயில்கள் இருட்டாக இருந்ததும், தெய்வத்தை இருண்ட மூலையில் வைத்ததும் இதற்காகத்தான் என்று எழுதியிருக்கிறார். அவர் நம் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு வந்திருந்தால் நூலில் ஓர் அத்தியாயம் கூடியிருக்கும். பகலில் பார்த்தால் அது வெள்ளையடித்த ஒரு பூடம்தான். ஆடு மாடு பக்கத்தில் மேயும். கொடை இரவில் கணியான் மகுடம் என்ற தோல்கருவியை அடிக்க ஆரம்பித்து, நடுச்சாமத்தில் சாமியாடுகிற கோமரத்தாடி தீவட்டியோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் புறப்படும்போது, எதிரே யாரும் வரக்கூடாது என்று ஊரே ஒதுங்கி நிற்கும். சுடுகாட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் மயிர்க்கூச்செறிகிறது. திரும்பி வருகிற வரைக்கும் மகுடம் நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும்.

கான்ட்டுக்கு வருவோம். பிறந்த கோனிக்ஸ்பெர்க் பக்கத்தை விட்டு வெளியே போகாதவர் அவர். ஆல்ப்ஸ் மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பயணிகள் எழுதிய நூல்களைக் கரைத்துக் குடித்திருந்தார். பிரமிடுக்கு மிக அருகில் போனாலும் அதன் பெருமை தெரியாது, மிகத் தள்ளி நின்றாலும் தெரியாது என்று எகிப்துக்குப் போன ஒருவர் எழுதியதை எடுத்துக்காட்டுகிறார். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு இது பழகிய உண்மை. சக்கரத்தோரம் நின்றால் மரமும் இரும்பும்தான் தெரியும், ரதவீதி மூலையில் நின்றால்தான் தேர்.

உன்னதத்தைக் கான்ட் இரண்டாகப் பிரித்தார். ஒன்று அளவால் நம்மைத் திணறவைப்பது, மற்றது ஆற்றலால் திணறவைப்பது.

அளவைப் பார்ப்போம். ஆளை வைத்துப் பனையை அளக்கலாம். இருபது மீட்டர்ப் பனையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் நூறு நிறுத்தினால் 1,868 மீட்டர் பொதிகைச் சிகரத்தை எட்டலாம். மலையை வைத்துப் பூமியை, பூமியை வைத்துச் சூரிய மண்டலத்தை என்று எண்ணிக்கை போய்க்கொண்டே இருக்கும், எண்ணுக்குச் சிரமமில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் மனக்கண்ணில் பிடித்து நிறுத்தச் சொன்னால் கற்பனை ஒரு கட்டத்தில் கையை விரித்துவிடும். சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே குதிரைமொழித் தேரியில் உச்சிவெயிலில் நின்றால் இது உடம்பிலேயே தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மணல். காற்று மேட்டை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அடையாளத்துக்கு ஒரு பனையைப் பிடித்துக்கொண்டால் அதற்கப்பால் அதே போல இன்னொரு பனை.

கான்ட்டின் சாமர்த்தியம் அடுத்த அடியில் இருக்கிறது. கற்பனை தோற்றுப்போனது நமக்குத் தெரிகிறதல்லவா? முழுமையைப் பிடிக்க முடியவில்லை என்று உணர, முழுமை என்ற எண்ணம் நம்மிடம் முன்பே இருந்தாக வேண்டும். கண்ணால் காண்கிற எதைவிடவும் பெரிய ஒன்றைக் கேட்கிற அறிவு நமக்குள் இருக்கிறது. மலை பெரிதாகத் தோன்றி, முதலில் நம்மைச் சிறுமைப்படுத்தி, பிறகு அந்த அறிவை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஆகையால் உன்னதம் மலையில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று முடிக்கிறார்.

இதைப் படிக்கும்போது ஆழ்வார்திருநகரிக்காரர் ஒருவர் நினைவுக்கு வராமல் போகமாட்டார். நம்மாழ்வார் திருவாய்மொழியின் கடைசிப் பத்தில் ஒரு பாட்டை, "சூழ்ந்து அகன்று ஆழ்ந்து உயர்ந்த முடிவில் பெரும் பாழேயோ" என்று தொடங்குகிறார். எல்லாப் பக்கமும் விரிந்து, ஆழ்ந்து, உயர்ந்து, முடிவே இல்லாத பெரும் பாழ். அதைச் சூழ்ந்து அதைவிடப் பெரிய சோதி. அதையும் சூழ்ந்து அதைவிடப் பெரிய ஞான இன்பம். நாலாவது அடியில் ஏறுவரிசை வானத்தை விட்டுத் தனக்குள்ளேயே திரும்பிவிடுகிறது: "சூழ்ந்து அதனில் பெரிய என் அவா அறச் சூழ்ந்தாயே." அந்த மூன்றையும்விடப் பெரியது என் ஆசை, அதையும் சூழ்ந்துகொண்டாய் என்கிறார். பரப்பை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் உள்ளத்தில் இருப்பதே அதைவிடப் பெரிது என்று காண்பதில் ஆழ்வாரும் கான்ட்டும் ஒரே படியில் நிற்கிறார்கள். அதற்கு மேல் ஆழ்வார் இன்னொரு படி ஏறிவிடுகிறார். கான்ட்டுக்கு அறிவு போதும், அவருக்குப் போதாது.

ஆற்றலால் வரும் உன்னதத்துக்குக் கான்ட் தருகிற பட்டியலில் தொங்கும் பாறை, இடிமேகம், எரிமலை, சூறைக்காற்று, பொங்கும் கடல், பேராற்றின் உயர்ந்த அருவி எல்லாம் உண்டு. இவற்றுக்கு முன் நம் உடல்பலம் தூசு. ஆனால் பத்திரமான இடத்தில் நின்று பார்த்தால், உடம்பை நசுக்கக்கூடிய இந்த ஆற்றலால் நம்முடைய நியாய உணர்வை வளைக்க முடியாது என்ற நிமிர்வு உண்டாகும் என்கிறார். பர்க் நரம்போடு நிறுத்தியதை இவர் அறத்துக்குக் கொண்டுபோகிறார். அதோடு நில்லாமல், பண்பாட்டுப் பயிற்சி இல்லாத முரட்டு மனிதனுக்கு இதெல்லாம் வெறும் பயங்கரமாகத்தான் தெரியும் என்றும் சொல்லிவைக்கிறார். பனிமலை ஏறுகிறவர்களை முட்டாள்கள் என்ற ஒரு குடியானவன் அதற்குச் சாட்சி. கோனிக்ஸ்பெர்க்கில் உட்கார்ந்துகொண்டு மலைக்காரனுக்கு மலையைப் பார்க்கத் தெரியாது என்பது கொஞ்சம் அதிகம்தான்.

தொல்காப்பியர் இப்படி ஆட்களைத் தரம் பிரிக்கவில்லை. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுகிற எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கை என்ற வியப்பும் அச்சமும் தனித்தனியே இருக்கின்றன. வியப்பு எதனால் வரும்? புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்று நான்கு சொல்கிறார். பெருமைக்குப் பக்கத்திலேயே சிறுமையையும் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எல்லை கடந்த நுண்மையும் ஒருவகையில் உன்னதமே என்று பர்க்கும் போகிறபோக்கில் ஒத்துக்கொள்கிறார். அச்சத்தின் நான்கு காரணங்களில் முதலில் நிற்பது அணங்கு, அதாவது வருத்தக்கூடிய தெய்வம். விலங்கும் கள்வரும் அரசரும் அதற்குப் பின்னால். வள்ளுவர் காமத்துப்பாலைத் தொடங்குகிற குறளில், எதிரே நிற்கிற பெண்ணைப் பார்த்து இவள் அணங்கா, மயிலா, மானிடப் பெண்ணா என்று தலைவனின் நெஞ்சு மயங்குகிறது. பர்க் கறாராகப் பிரித்துவைத்த அழகும் அச்சமும் அங்கே ஒரே உருவத்தில் நிற்கின்றன. நம் பக்கத்து அனுபவத்துக்கு இதுவே கிட்டத்தில் வருகிறது என்று நினைக்கிறேன்.

பர்க், கான்ட் இருவருக்குமே உன்னதம் என்பது பார்க்கிற காரியம். ஆபத்து அங்கே, நாம் இங்கே. குற்றாலத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. அங்கே யாரும் அருவியைப் பார்க்க மட்டும் போவதில்லை, அதற்கு அடியில் போய் நிற்கிறார்கள். மெயின் அருவி உச்சியிலிருந்து நேரே தரைக்கு விழாமல், நடுவழியில் பொங்குமாகடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, நிரம்பி, பொங்கி வழிந்து கீழே வருகிறது. வேகத்தின் பெரும்பகுதியை அந்தக் குழி வாங்கிக்கொள்வதால்தான் மிச்சத்தைத் தலையில் தாங்க முடிகிறது. மேற்கத்திய ரசிகர் தொலைவில் நின்று உண்டாக்கிக்கொள்கிற இடைவெளியை இங்கே பாறையே உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது.

உள்ளே நுழைந்த முதல் நொடியில் கண் அவிந்துவிடும். காதுக்குள் இரைச்சல் ஒன்றுதான். நடுமண்டையில் அடி, தோளில் அடி, மூச்சு வாங்க முகத்தைக் கவிழ்க்க வேண்டும். சுவரோரக் கம்பியைப் பிடித்த கை தானாக இறுகும். பர்க் சொன்ன நரம்பு முறுக்கு அப்படியே நடக்கிறது. ஆனால் வெளியே வந்தவர் முகத்தில் தளர்ச்சியும் சிரிப்பும் இருக்கும். அது அவர் அழகுக்குச் சொன்ன அறிகுறி. ஒரே குளியலில் இரண்டும் கிடைத்துவிடுகின்றன. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டும் கிடைக்காது, முழங்கையால் இடிதான் கிடைக்கும். அது தத்துவத்தில் சேராது.

அந்தப் பாறைக் குழியை நம்பி எல்லை மீறவும் முடியாது. 2024 மே மாதம் பக்கத்து அருவியான பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடனிருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அங்கே பர்க் சொன்னதுதான் சரி: மிக அருகில் வந்துவிட்ட ஆபத்தில் உன்னதம் கிடையாது. போலீஸ்காரர் விசில் ஊதினால் கான்ட் என்ன சொன்னார் என்று யோசிக்காமல் வெளியே வந்துவிட வேண்டும்.

மூலத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் பர்க்கிலிருந்து தொடங்கலாம். சிறிய நூல், ஐந்து பாகம். முதல் பாகத்தைத் தாண்டி உன்னதத்தைப் பேசும் இரண்டாம் பாகத்துக்கு நேரே போனாலும் குழப்பம் வராது, மூன்றாவது அழகைப் பற்றியது. கான்ட் அப்படி இல்லை. பத்தி எண் 1 முதல் 22 வரை அழகு, 23 முதல் 29 வரை உன்னதம். 29ஆம் பத்தியில் அந்தக் குடியானவன் வருகிறான். நான் அவன் கட்சி என்பதால், அதை மட்டும் தனியாக முதலில் படித்துவிட்டுத் திரும்ப முன்னால் வந்தாலும் தப்பில்லை என்பேன்.